காருக்கு ஒரு பர்ணசாலை

என்னிடம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் இருக்கிறது. நான் எழுதிய முதல் நாவலைவிட அது வயதில் மூத்தது. இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு: விலைக்குக் கேட்டு யாரும் வருவதில்லை. சென்ற கோடையில் அதன் நிறத்தைப் பற்றி வீட்டில் ஒரு சர்ச்சை நடந்தது. வெளிர் நீலம் என்றேன் நான். சாம்பல் என்றாள் என் மனைவி. பக்கத்து வீட்டுச் சிறுவன், "துரு கலர், தாத்தா!" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். மேல் முறையீட்டுக்கு இடம் இருக்கவில்லை.

என் மருமான் ஒருவன் ஒரகடத்தில் மோட்டார்த் தொழிற்சாலை ஒன்றில் வர்ணப் பிரிவில் வேலை பார்க்கிறான். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே ஒரு கிராமத்தில் வீடு. பின்னால் விசாலமான தோட்டம். "பட்டறைக்கெல்லாம் விடாதீங்க, மாமா. நம்ம வீட்டுப் பின்பக்கமே ஒரு பூத் கட்டிடறேன்" என்றான். எனக்குத் தெரிந்த பூத் இரண்டுதான். ஒன்றில் பால் கொடுப்பார்கள். இன்னொன்றில் விரலில் மை வைப்பார்கள். காருக்கு வர்ணம் அடிக்கவும் ஒரு பூத் உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன்.

காரை ஓட்டிக்கொண்டு வண்டலூர் வழியாகப் போனேன். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1961-இல் ஹெரால்டு கார் நம் தேசத்தில் பிறந்தது அந்த வண்டலூர்ப் பக்கத்தில்தான். ஸ்டாண்டர்டு கம்பெனி அங்கே தொழிற்சாலை வைத்திருந்தது. பிறகு நொடித்து மூடிவிட்டது. அங்கிருந்து வாலாஜாபாத் போகிற சாலையிலேயே இருக்கிறது ஒரகடம். பிறந்த வீட்டு வாசலைக் கடந்து கிழவி ஒருத்தி வைத்தியத்துக்குப் போவது போல என் கார் போயிற்று. அந்தச் சாலையின் புழுதியைப் பற்றி என்ன சொல்ல? ஏரிகளும் வயல்களுமாய் இருந்த சீமை. இருங்காட்டுக்கோட்டையில் ஹியுண்டாய் வந்து 1998-இல் முதல் காரை வெளியிட்டது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிஸ்ஸான், 2012-இல் டெய்ம்லர், 2013-இல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக ஆலைகள் திறந்தன. லாரி ஓடுகிற இடத்தில் தூசி பறக்காமல் இருக்குமா? உலகத்திலேயே தூசி ஆகாத தொழில் ஒன்று உண்டென்றால், அது வர்ணம் அடிக்கிற தொழில். அதைக் கொண்டுவந்து இந்தப் புழுதிக்கு நடுவில் வைத்திருக்கிறார்கள்!

மருமான் இரும்புக் குழாய்களைச் சட்டமாக நட்டு, மேலும் பக்கமும் கனமான பாலிதீன் விரிப்பை இழுத்துக் கட்டியிருந்தான். முன்பக்கம் காற்று நுழைய வடிகட்டித் துணி. பின்பக்கம் காற்றை வெளியே இழுக்க விசிறி. லட்சுமணன் கட்டியது பர்ணசாலை. இவன் கட்டியது வர்ணசாலை.

புதுப்பேட்டையில் நாற்பது வருஷம் கார்களுக்கு வர்ணம் அடித்த மேஸ்திரி ஒருவரையும் நான் அழைத்து வந்திருந்தேன். அவர் கூடாரத்தை ஒரு முறை சுற்றி வந்தார்.

"இதெல்லாம் எதுக்கு சார்? தரையிலே நாலு குடம் தண்ணி ஊத்தி, மூக்கிலே ஈரத் துண்டைக் கட்டிக்கிட்டா வேலை முடிஞ்சுது" என்றார். சொல்லிவிட்டு இருமினார். இருமல் நிற்கச் சற்று நேரம் ஆயிற்று.

தண்ணீர் ஊற்றுகிற வித்தை புதுப்பேட்டையில் பிறந்ததல்ல. அது சாரட்டு வண்டிக் காலத்துச் சொத்து. சென்னையில் சிம்ப்ஸன் கம்பெனி 1840-இல் சேணமும் வண்டிகளும் செய்வதற்காக ஏற்பட்டது. 1903-இல் அங்கே இருந்த சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியால் ஓடும் கார் ஒன்றைச் செய்து சென்னைத் தெருவில் விட்டார். அந்த நாளில் வண்டியானாலும் காரானாலும் வர்ணம் பூசும் முறை ஒன்றேதான். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வர்ணத்தைத் தூரிகையால் பூச வேண்டியது; காய வேண்டியது; நுரைக்கல் பொடியால் தேய்க்க வேண்டியது; மறுபடி பூச வேண்டியது. கடைசியில் வார்னிஷ். மூன்று நான்கு வாரம் ஆகிவிடும். வார்னிஷ் போடும் அறையின் கதவைச் சாத்தி, தரையை நனைத்து, யாரையும் உள்ளே விடமாட்டார்கள். பிரசவ அறைக்குக்கூட அவ்வளவு கட்டுக்காவல் கிடையாது.

அமெரிக்காவில் ஹென்றி போர்டு லட்சக்கணக்கில் கார் செய்யத் தொடங்கியபோது இந்த மூன்று வாரம் தொண்டையில் முள்ளாய்ச் சிக்கிக்கொண்டது. சட்டத்தைப் பூட்டச் சில மணி நேரம். வர்ணம் காய வாரக் கணக்கு என்றால் காரை நிறுத்த இடம் ஏது? கறுப்பு எனாமல் மட்டும் அடுப்பில் வைத்தால் சீக்கிரம் காய்ந்தது. ஆகவே 1914 முதல் 1925 வரையில் போர்டின் டி மாடல் கார் கறுப்பாகவே வந்தது. அது சிக்கனமே தவிர, ரசனை அல்ல.

முள்ளை எடுத்தது பஞ்சு. பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்தினால் நைட்ரோசெல்லுலோஸ் என்ற பொருள் கிடைக்கிறது. ஒரு பதத்தில் அது வெடிமருந்து; இன்னொரு பதத்தில் சினிமாப் பிலிம்; மற்றொரு பதத்தில் பெண்களின் நகப்பூச்சு. முதல் உலக யுத்தம் முடிந்து வெடிமருந்துக்குக் கிராக்கி குறைந்த சமயம், டியூபான்ட் கம்பெனியார் அதைக் காருக்குப் பூசும் லாக்கராக மாற்றினார்கள். 'டியூக்கோ' என்று பெயர் வைத்தார்கள். 1923-இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லாண்டு காரில் அது நீல நிறமாக ஏறிற்று. வாரக் கணக்கு மணிக் கணக்காயிற்று. நம் ஊரில் இன்றும் பீரோவுக்கும் கட்டிலுக்கும் பீச்சி அடிக்கும் தச்சர்கள் 'டியூக்கோ அடிச்சுத் தரேன்' என்றுதான் சொல்கிறார்கள். கம்பெனியின் பெயர் என்று தெரிந்து சொல்வதில்லை. வெல்லம், புளி மாதிரி அதுவும் ஒரு சரக்கின் பெயராகிவிட்டது.

ஆனால் டியூக்கோவைத் தூரிகையால் பூச முடியாது. அத்தனை வேகமாய் உலர்ந்துவிடும். பீச்சித்தான் அடிக்க வேண்டும். பீச்சுகிற கருவி தயாராகவே இருந்தது. 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் பிரம்மாண்டமான கட்டடங்களுக்கு வெள்ளையடிக்க ஆளும் நாளும் போதாமல், காற்றழுத்தத்தால் பீச்சும் யந்திரங்களை உபயோகித்தார்கள். சென்னை அன்பர்கள் பணம் திரட்டி அனுப்பிய விவேகானந்தர் சர்வமத மகாசபையில் பேசினாரே, அதே ஆண்டு, அதே ஊர். கைக்கு அடக்கமான துப்பாக்கி வந்த கதை இன்னும் சுவையானது. ஒஹையோ மாகாணத்து டொலீடோ நகரில் டாக்டர் ஆலன் டிவில்பிஸ் என்று ஒரு தொண்டை வைத்தியர் இருந்தார். நோயாளியின் தொண்டைக்குள் மருந்தைப் பனிபோல் பீச்ச ஒரு சிறு கருவி செய்தார். அவர் மகன் தாமஸ் 1907-இல் அதையே வர்ணம் பீச்சும் துப்பாக்கியாக மாற்றினார்.

தொண்டையைக் குணமாக்கப் பிறந்த சாதனம்! பிறகு அது எத்தனை தொண்டைகளுக்கு வினையாயிற்று என்பதை எந்தக் கம்பெனியும் கணக்கெழுதவில்லை. பழைய முறைத் துப்பாக்கியில், பீச்சுகிற வர்ணத்தில் மூன்றில் ஒரு பங்குதான் தகட்டில் ஒட்டும். மிச்சம் காற்றில். காற்றிலே மிதப்பது காரின் மேல் படிந்தால் மினுமினுப்புக் கெடும். தீப்பொறி பட்டால் பட்டறையே போய்விடும். அதற்காகத்தான் விசிறியும் புகைபோக்கியும் வைத்து பூத் கட்டினார்கள். அடிக்கிறவனுக்கு மூச்சு விடுவது சுலபமாயிற்று என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கூடம் முதலில் கட்டப்பட்டது காருக்காக. மனிதனுக்காக என்று சொன்னால் நான் நம்பத் தயாராயில்லை.

நம் பட்டறைகளில் அதுவும் கிடையாது. தகரக் கொட்டகை, கம்ப்ரசர், ஈரத் துண்டு. மேஸ்திரியின் கதை முழுவதும் அவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகையில் வேலை நின்றுவிடுமாம். தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, மழைக்காலத்து ஈரக் காற்று அதன் மேல் படிய, கறுப்புக் கார் பால் கொட்டினாற்போல் வெளுத்துப் போகும் என்றார். "தீபாவளிக்குப் புது வண்டியாக் குடுன்னு வருவாங்க, சார். வானத்தைக் காட்டித் திருப்பி அனுப்பிடுவேன்." அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் ஓர் அதிகாரம் தெரிந்தது.

இப்போது காருக்கு டியூக்கோ அடிப்பது அபூர்வம். 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் கண்டுபிடித்த பாலியூரிதேன் வந்துவிட்டது. வர்ணம் ஒரு டப்பா, கெட்டிப்படுத்தும் திரவம் ஒரு டப்பா. இரண்டையும் அளந்து கலந்து அடிக்க வேண்டும். கண்ணாடி மாதிரி இருக்கும், வெயிலுக்கு அசையாது. ஆனால் அந்த இரண்டாவது டப்பாவில் இருப்பது ஐசோசயனேட் வகை. 1984-இல் போபாலில் வெளிப்பட்ட விஷ வாயுவின் பெயரில் நாம் கேட்ட அதே வார்த்தை. பொருள் வேறு, ஆனால் ஒரே குடும்பம். கெடுதல் செய்கிற அளவு காற்றில் இருந்தாலும் மூக்குக்கு வாசனையே தெரியாது. சிலருக்கு ஒரு முறை ஒவ்வாமை பிடித்துவிட்டால், பிறகு துளி பட்டாலும் ஆஸ்துமா இழுக்கும். ஈரத் துண்டு தூசியைப் பிடிக்கும், இதைப் பிடிக்காது. வெளியிலிருந்து சுத்தக் காற்றைக் குழாய் வழியாகக் கொண்டுவரும் முகமூடி வேண்டும்.

மருமானிடம் அப்படிப்பட்ட முகமூடி ஒன்று இருந்தது. ஒன்றே ஒன்று.

அவனுடைய தொழிற்சாலைச் சமாசாரங்களைக் கேட்டால் புராணம் போல் இருக்கிறது. காரின் கூடு முழுவதையும் ஒரு தொட்டியில் முக்கி, மின்சாரத்தைச் செலுத்தி, இண்டு இடுக்கெல்லாம் முதல் பூச்சை ஏற்றுகிறார்கள். 1960-களில் போர்டு கம்பெனியில் ஜார்ஜ் ப்ரூவர் என்ற ரசாயன நிபுணர் நடைமுறைக்குக் கொண்டுவந்த உபாயம் இது. பிறகு உலை. பிறகு இயந்திரக் கைகள் மேல் பூச்சை அடிக்கின்றன. கூரையிலிருந்து காற்று கீழே இறங்கி, சல்லடைத் தரை வழியாக மிச்ச வர்ணத்தை வாரிக்கொண்டு தண்ணீருக்குள் போகிறது. மேஸ்திரியின் நாலு குடம் தண்ணீர் அங்கே தரைக்கு அடியில் ஓடுகிறது! உள்ளே போகிறவர்கள் பஞ்சு உதிராத அங்கி தரித்து, காற்றினால் ஸ்நானம் செய்துவிட்டுத்தான் போகவேண்டும். முகத்துக்குப் பவுடர் கூடாது. வாசனைத் திரவியம் கூடாது. சிலிக்கோன் கலந்த பூச்சு ஒரு துளி இருந்தால் போதும், வர்ணம் ஒட்டாமல் மீன்கண் மாதிரி குழி விழுந்துவிடும். பவுடர் போடாமல் வாசல் தாண்டாத பையனாயிருந்தவன் இவன். அவன் அம்மாவால் முடியாததைத் தொழிற்சாலை சாதித்துவிட்டது.

அத்தனை இயந்திரம் இருந்தும் அதே ஒரகடத்தில் ஒரு வேலை கைக்கே மிஞ்சியது. ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டாங்கில் தங்க நிறக் கோடு இருக்குமே, திருவொற்றியூர் ஆலையில் அதைத் தூரிகையால் கையாலேயே இழுத்துவந்தார்கள். இயந்திரக் கைகள் டாங்குக்கு வர்ணம் அடிக்கும் ஒரகடம் ஆலை திறந்த பிறகும் கோட்டை மனிதக் கைதான் இழுத்தது.

நம் தோட்டத்துக்கு வருவோம். மருமான் காகிதத்தில் கணக்குப் போட்டிருந்தான். கூடாரத்தின் குறுக்களவு பத்தடிக்கு எட்டடி, ஆக எண்பது சதுர அடி. காற்று நிமிஷத்துக்கு நூறு அடி வேகத்தில் நகர வேண்டும். ஆக நிமிஷத்துக்கு எட்டாயிரம் கன அடி. சமையலறையில் சுழலும் சிறு விசிறி ஆயிரம் கன அடி இழுத்தால் அதிகம். அதனால் பெரிய விசிறியாக வாடகைக்குக் கொண்டுவந்திருந்தான். அதன் மோட்டாரிலிருந்து பொறி பறந்தால் தின்னர் ஆவி பற்றிக்கொள்ளும் என்று மோட்டாரைக் காற்றோட்டத்துக்கு வெளியே தள்ளிவைத்துப் பட்டை மாட்டியிருந்தான். விளக்குகளும் பாலிதீனுக்கு வெளியேதான். காற்றுப் போகிற திசையில் அடுத்த வீட்டு மாடி இருந்தது. அங்கே வடாம் காய்ந்துகொண்டிருந்தது. நல்லவேளையாக என் அக்கா பார்த்துவிட்டாள். நீல வடாமுக்கு நாங்கள் பதில் சொல்லியிருக்க முடியாது. புகைபோக்கிக்கு ஒரு வடிகட்டி போட்டு, வடாமும் கீழே இறங்கிய பிறகே மேலே பேச்சு.

பட்டி பார்ப்பது, வாட்டர் பேப்பர் தேய்ப்பது எல்லாம் மேஸ்திரி செய்தார். ஐந்து நாள். நிறத்தையும் அவர்தான் சேர்த்தார். மட்கார்டின் உள்மடிப்பில் வெயில் படாமல் தப்பியிருந்த ஒரு நகத்தளவு நீலத்தைப் பார்த்து, சொட்டுச் சொட்டாகக் கலந்தார். மருமான் கம்ப்யூட்டரில் எடுத்த கலவைக்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. "மேஸ்திரியோடதுதான் சரி, மாமா" என்று மருமானே ஒப்புக்கொண்டான்.

அடிக்கிற நாளில்தான் தகராறு. மேஸ்திரி துண்டை நனைத்துப் பிழிந்துகொண்டு வந்து நின்றார்.

"நீங்க உள்ளே வரக்கூடாது, மேஸ்திரி. முகமூடி ஒண்ணுதான் இருக்கு."

"தம்பி, நீ பொறக்கிறதுக்கு முன்னாலேருந்து அடிக்கிறேன்."

"அதனாலேதான் சொல்றேன்."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன். நாற்பது வருஷத் தொழிலை ஒரு மனிதர் கையிலிருந்து வாங்கி வைப்பது சாமானியமா? அது அவர் நன்மைக்காகவே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? என் ஆயுளில் மூன்று தடவை வர்ணம் அடிக்கக் கார் விட்டிருக்கிறேன். அடித்தவர் எதை மூக்கில் கட்டிக்கொண்டார் என்று ஒரு தடவையாவது கேட்டதில்லை. கூலியைத்தான் குறைத்துக் கேட்டிருக்கிறேன்.

மருமான் உள்ளே போனான். மேஸ்திரி பாலிதீனுக்கு வெளியே நின்று கையசைத்தார். கிட்டே, தள்ளி, நிறுத்து, வேகமாக. உள்ளே இருந்தவன் அந்தக் கையைப் பார்த்தே துப்பாக்கியை நகர்த்தினான். கதவில் ஓரிடத்தில் வர்ணம் வழியப் போவது மேஸ்திரிக்கு வெளியிலிருந்தே தெரிந்துவிட்டது. சுருதி தப்பிய சிஷ்யனைப் பார்க்கும் வித்வான் போல நெற்றியில் அடித்துக்கொண்டார். மாலையில் கோடை மழை ஒன்று பெய்து, விளக்குக்கு ஈசல் வந்தது. ஒன்று எப்படியோ உள்ளே நுழைந்து பானட்டின் மேல் உட்கார்ந்து விட்டது. அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இரண்டு நாள் கழித்துக் கார் வெளியே வந்தது. மேஸ்திரி நீள மயிர்த் தூரிகை ஒன்றையும் சிறு டப்பா எனாமலையும் எடுத்துக்கொண்டு, வேப்பமர நிழலில் காரின் பக்கத்தில் குந்தினார். விளக்கிலிருந்து வால் வரை வெள்ளைக் கோடு. கயிறு பிடிக்கவில்லை, அடையாளம் வைக்கவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு கதவு வரையில் ஒரே இழுப்பாக இழுத்தார். தூரிகையை எடுத்துத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். முகத்தை அப்பால் திருப்பி இருமினார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.