மருதோன்றியும் அவுரியும்: நரைக்குச் சாயமிட்ட வரலாறு

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு (கி.பி. 630) மக்கா வெற்றிகொள்ளப்பட்ட நாளில், ஹஜ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்களின் முதிய தந்தையார் அபூ குஹாஃபா அண்ணல் நபி (ஸல்) அவர்களின் முன்னிலைக்கு அழைத்து வரப்பட்டார். அவருடைய தலைமுடியும் தாடியும் 'ஸகாமா' என்னும் செடியைப் போல் முற்றிலும் வெளுத்திருந்தன. அந்நரையை ஏதேனும் ஒரு நிறத்தால் மாற்றும்படியும் கறுப்பைத் தவிர்க்கும்படியும் நபியவர்கள் பணித்தார்கள். ஜாபிர் (ரலி) வழியாக வரும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது.

பதினான்கு நூற்றாண்டுகள் கடந்த பின்னரும் இச்செய்தி வெறும் ஏட்டுச் செய்தியாக நின்றுவிடவில்லை. துறைமுகப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற இராயபுரத்துப் பெரியவர் ஒருவர் ஜுமுஆவுக்குப் பின் எம்மிடம் வந்தார். 'மூலிகை மருதாணி' என்று அச்சிட்ட கறுப்புச் சாயப் பொட்டலம் ஒன்றை வாங்கி வீட்டில் தாடிக்குப் பூசியிருக்கிறார். மறுநாள் முகம் தடித்து, இமைகள் வீங்கிக் கண் திறக்க இயலாமற் போயிற்றாம். "சுன்னத்தைச் செய்யப் போய் இப்படி ஆகிவிட்டதே, ஹஜ்ரத்!" என்று அவர் வருந்தினார். அவர் பூசியது சுன்னத்தில் சொல்லப்பட்ட பொருள்தானா என்பதே நம் முன்னுள்ள வினா. அதற்கு விடை காண ஹதீஸ் நூல்களோடு வட சென்னையின் வரலாற்றையும் நாம் புரட்ட வேண்டியிருக்கிறது.

நரையை மாற்றுதற்குச் சிறந்தவை ஹின்னாவும் கதமும் என்னும் கருத்துடைய நபிமொழியை அபூதர் (ரலி) வாயிலாகத் திர்மிதீ, அபூதாவூத், நஸாஈ ஆகியோர் பதிவு செய்துள்ளனர். அபூபக்கர் (ரலி) இவ்விரண்டையும் கலந்து பூசினார்கள் என்றும், உமர் (ரலி) ஹின்னாவை மட்டும் பூசினார்கள் என்றும் அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். ஹின்னா என்பது நம் மருதோன்றியே. பேச்சு வழக்கில் மருதாணி. ஆனால் கதம் எது?

இங்கேதான் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. கதம் என்பது வஸ்மாவாகிய அவுரி இலைதான் எனச் சிலர் கருதினர். இமாம் இப்னுல் கையிம் (ரஹ், மறைவு ஹிஜ்ரி 751) தம் 'ஸாதுல் மஆத்' நூலில் இதனை மறுத்து, இரண்டும் வெவ்வேறு செடிகள் என்கிறார். அகராதி வல்லுநர் ஜவ்ஹரீயும் கதத்தை வஸ்மாவுடன் கலந்து பூசப்படும் செடி என்றே குறிக்கிறார். எனினும் வஸ்மாவும் அக்காலத்தில் வழக்கில் இருந்ததில் ஐயமில்லை. இமாம் ஹுசைன் (ரலி) அவர்களின் முடி வஸ்மாவினால் சாயமேற்றப்பட்டிருந்ததை ஸஹீஹுல் புகாரியே கூறுகிறது. நம் நாட்டில் கதம் கிடைப்பதில்லை. மருதோன்றியின் செம்மையை அடர்த்தியாக்க அவுரியையே நம் முன்னோர் நாடினர்.

அவுரி நமக்கு அந்நியமன்று. நீலி என்றும் அழைக்கப்படும் இச்செடியின் சாயத்தைக் கொண்டே சோழமண்டலக் கரையின் நீலத் துணிகள் உலகெங்கும் சென்றன. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் காலூன்றியதே துணிகளுக்காகத்தான். அத்துணிகளை வெளுத்தோர் குடியிருந்த இடம் வண்ணாரப்பேட்டை ஆயிற்று. 1717 முதல் 1720 வரை ஆளுநராயிருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர், அவர் பெயராலேயே திருவொற்றியூர் அருகே காலடிப்பேட்டையாக விளங்குகிறது. மகான் குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) வந்து தங்கி அடங்கிய தண்டையார்பேட்டையும் இதே கரையில் உள்ளது. நெல்லூர், கடப்பை, தென்னார்க்காடு மாவட்டங்களில் ஆக்கப்பட்ட நீலக் கட்டிகள் சென்னையிலிருந்து கப்பலேறின. செயற்கைத் துறைமுகம் எழுமுன், அலைகளைக் கடந்து அவற்றைக் கப்பலுக்குச் சேர்த்தவை மசூலாப் படகுகளே. இன்று எண்ணெயும் நிலக்கரியும் இரசாயனமும் மணக்கும் இக்கடற்கரை, ஒரு காலத்தில் துணியின் கரையாகவும் சாயத்தின் கரையாகவும் இருந்தது.

1856ஆம் ஆண்டு இரண்டு நிகழ்ச்சிகளை ஒருங்கே கண்டது. அவ்வாண்டில் இராயபுரம் இரயில் நிலையம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் இலண்டனில் வில்லியம் பெர்க்கின் என்னும் பதினெட்டு வயது இளைஞர், கொய்னா மருந்தைச் செயற்கையாக ஆக்க முயன்று, நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருளைக்கொண்டு ஊதாச் சாயத்தைக் கண்டறிந்தார். அன்று தொடங்கிய இரசாயனச் சாயத்தொழில் நம் அவுரியை வீழ்த்தியது. 1897இல் ஜெர்மானிய நிறுவனமான பாஸ்ஃப் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தபின் நீல வணிகம் விரைந்து சுருங்கிற்று. அதே தார்க் குடும்பத்தைச் சேர்ந்த பாரா ஃபினைலின் டையமின் என்னும் பொருளின் சாயமேற்றும் தன்மையை 1863இல் ஹோஃப்மன் எடுத்துரைத்தார். 1907இல் பாரிசில் யூஜின் ஷூலர் செயற்கை முடிச்சாயத்தை உருவாக்கினார். கறுப்பு முடிச்சாயங்கள் பலவற்றின் அடிப்படை இன்றளவும் அந்தப் பொருளே.

எம்மிடம் வந்த பெரியவரின் துன்பத்துக்கு இங்கே விளக்கம் கிடைக்கிறது. மருதோன்றி ஒருபோதும் கறுப்பு நிறம் தராது. செம்மஞ்சள் முதல் செம்பழுப்பு வரையே தரும். அரைமணி நேரத்தில் கருகருவெனக் கறுக்கும் 'கறுப்பு மருதாணி'யில் பெரும்பாலும் இந்த இரசாயனம் கலந்திருக்கும். சிலருடைய உடல் இதனை ஏற்பதில்லை. ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டால் அது வாழ்நாள் முழுதும் நீடிக்கக்கூடும். மறுமுறை பூசுகையில் இன்னும் கடுமையாகும். ஆதலால் அத்தகையவர் அப்பொருளை மீண்டும் தொடலாகாது.

தூய இலைப்பொடிகளை வீட்டிலேயே பயன்படுத்துவது கடினமன்று. மருதோன்றிப் பொடியைத் தேயிலை வடிநீரிலோ எலுமிச்சைச் சாறு சேர்த்த நீரிலோ குழைத்துச் சில மணி நேரம் ஊறவைத்தால் அதன் சாயம் வெளிப்படும். அது முடியின் புரதத்தைப் பற்றிக்கொள்ளும். அவுரியின் இயல்பு வேறு. அதனைப் புளிப்பில்லாத வெதுவெதுப்பான நீரில் குழைத்து, காலதாமதமின்றிப் பூச வேண்டும். இலையிலிருந்து வெளிப்படும் நிறமற்ற பொருள் முடிக்குள் புகுந்து, காற்றுப் பட்டபின் நீலமாகிறது. செம்மையின்மேல் நீலம் படியவே பழுப்போ கருமையோ தோன்றுகிறது. ஓரிரு நாட்களில் அது அடர்த்தி பெறும். ஊறிய மருதோன்றியுடன் அவுரியைக் கலந்து ஒரே முறையில் பூசினால் பழுப்பு நிறம் வரும். மருதோன்றியைப் பூசிக் கழுவியபின் அவுரியைத் தனியே பூசினால் ஏறத்தாழ முழுக் கறுப்பு வரும். இலைப்பொடியாயினும் முதலில் கையில் சிறிது தடவி, இரண்டு நாட்கள் பார்த்தபின் பூசுவதே விவேகம்.

இவ்வேறுபாடு ஃபிக்ஹு நோக்கிலும் கருதத்தக்கது. முழுக் கறுப்பு ஆகாதென்பதே ஷாஃபிஈ மத்ஹபில் சரியான கருத்து என இமாம் நவவீ (ரஹ்) உறுதிபடக் கூறுகிறார். ஹனஃபீ அறிஞர்களில் இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) மனைவிக்காக அழகுபடுத்திக்கொள்ளும் நிலையில் அதற்கு இடமளித்தார். ஹின்னாவுக்கும் கதத்துக்கும் அனுமதி இருக்கையில் கறுப்புக்கு மட்டும் தடை ஏன் என்னும் வினாவுக்கு, தடுக்கப்பட்டது கலப்பற்ற கறுப்பே என்றும், இரண்டும் கலந்த நிறம் செம்மைக்கும் கருமைக்கும் இடைப்பட்டது என்றும் இப்னுல் கையிம் விடை தருகிறார். ஒருங்கே கலந்து பூசும் முறை இவ்விளக்கத்துக்கு முற்றும் பொருந்துகிறது. சிலர் அஞ்சுவது போல் இலைச் சாயம் ஒளுவுக்கோ குளிப்புக்கோ தடையாகாது. அது நிறமேயன்றி நீரைத் தடுக்கும் படலமன்று. குழம்பைக் கழுவி அகற்றிவிட்டால் போதும்.

தீங்கை ஏற்பதும் பிறர்க்கு இழைப்பதும் மார்க்கத்தில் இல்லை என்னும் பொதுவிதியையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். மருதாணி என்று பெயரெழுதி இரசாயனத்தை விற்பவர் வணிகத்தில் மோசடி செய்கிறார். வாங்குபவரும் பொட்டலத்தின் பின்புறத்தைப் படியாமல் முன்புறப் படத்தை மட்டும் நம்புவது தகாது. திண்டிவனம் பகுதியில் இன்றும் அவுரி பயிராகிறது. மருதோன்றியோ நம் வேலியோரத்துச் செடி. அந்தப் பெரியவரின் இமை வீக்கம் சில வாரங்களில் வடிந்தது. இனி அவர் எதைப் பூசுவதாயினும் மருத்துவரைக் கேட்ட பின்னரே பூசட்டும் என்றோம். ஒன்றும் பூசாமல் விட்டாலும் குறையில்லை என்றும் சொன்னோம். தோழர்களுள் நரையை அப்படியே விட்டவர்களும் இருந்தனர். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் பழித்ததில்லை.