வளைந்து ஓடும் பந்து

வைகை அணைக்கரையில் நின்று வடக்கே பாருங்கள். பழனி மலைத்தொடர் தெரியும். அங்கே கொடைக்கானலில் 1895-இல் கோல்ஃப் சங்கம் தோன்றியது. அந்த ஆட்டத்தில் வலக்கைக்காரர் பலரை விடாது வாட்டும் குறை ஒன்று உண்டு: பந்து வலப்பக்கம் வளைந்து ஓடிவிடும். ஏன்?

அதே பத்தாண்டில், எடின்பரோவில் பௌதிகப் பேராசிரியர் டெய்ட் பந்தில் நாடாவை இணைத்துக் களிமண்ணை நோக்கி அடிக்கச் செய்து, நாடாவில் விழுந்த முறுக்குகளை எண்ணினார். (அவர் மகன் ஃபிரெடி 1896, 1898-இல் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம் வென்றவர்.) பந்து சுழன்றுகொண்டே பறக்கிறது, பின்சுழற்சி அதைக் காற்றில் தாங்குகிறது என்று கண்டார்.

மட்டையின் முகம், அது வீசப்படும் பாதைக்கு வலப்புறம் திரும்பியிருந்தால் சுழல் அச்சு சாயும். பந்தும் வலப்பக்கம் வளையும். ஆட்டக்காரர் ஈடுகட்ட இடப்பக்கமாக வீசுகிறார். முகமோ பழைய திசையிலேயே நிற்கிறது; இடைக்கோணம் பெருகி, வளைவும் கூடுகிறது. பாவம், மறுமுறை இன்னும் இடப்பக்கமாக வீசுவார்!