சாவி வீட்டில், கார் எங்கே?

2017 நவம்பரில் இங்கிலாந்தின் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் போலீஸ் ஒரு கேமரா பதிவை வெளியிட்டது. சாலிஹல் பகுதியில் ஒரு வீட்டு வாசலில் மெர்சிடிஸ் நிற்கிறது. இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவன் கையில் ஒரு பெட்டியோடு வீட்டை ஒட்டி நிற்கிறான். இன்னொருவன் இன்னொரு பெட்டியோடு கார் பக்கத்தில். கொஞ்ச நேரத்தில் கதவு திறக்கிறது, வண்டி கிளம்புகிறது. கண்ணாடி உடையவில்லை. சாவி வீட்டுக்குள் பத்திரமாக இருந்தது.

பார்த்தால் திருடர்கள் விஞ்ஞானிகளை முந்திவிட்டார்கள் என்று தோன்றும். சரித்திரத்தைப் புரட்டினால் கதை தலைகீழ். இந்த வித்தை பழசு. இதற்கான மருந்தும் பழசு. கார் மட்டும்தான் புதுசு.

முதலில் வித்தை. ஜான் கான்வே என்ற கணித மேதை 1976-ல் எழுதிய புத்தகத்தில் ஒரு வேடிக்கை வருகிறது. செஸ் ஆடவே தெரியாத ஒரு சின்னப் பெண் இரண்டு கிராண்ட்மாஸ்டர்களோடு ஒரே நேரத்தில் ஆடுகிறாள். ஒருவருக்கு வெள்ளை, இன்னொருவருக்குக் கறுப்பு. முதல்வர் நகர்த்துவதை அப்படியே இரண்டாமவரிடம் ஆடுகிறாள். அவர் பதிலை முதல்வரிடம் கொண்டுபோகிறாள். இரண்டு ஆட்டத்திலும் அவள் தோற்க முடியாது. பாவம், கிராண்ட்மாஸ்டர்கள் தங்களுக்குள் ஆடிக்கொண்டிருப்பது அவர்களுக்கே தெரியாது!

இதையே அடையாளம் காட்டும் கருவிகளிடமும் செய்யலாம் என்று 1980-களின் பிற்பகுதியில் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஈவோ டெஸ்மெட் எச்சரித்தார். 'மாஃபியா மோசடி' என்றே அதற்குப் பெயர் விழுந்தது. ரகசியக் குறியீட்டை உடைக்கத் தேவையில்லை. கேள்வியை உண்மையான ஆளிடம் கொண்டுபோய், பதிலைத் திருப்பிக் கொண்டுவந்தால் போதும்.

மருந்து 1993-ல் வந்தது. ஸ்டெஃபான் பிராண்ட்ஸும், மின்னணுப் பணத்தின் முன்னோடியான டேவிட் சௌமும் சொன்ன வழி ரொம்ப எளிமையானது. பதில் சரியா என்று மட்டும் பார்க்காதே, எவ்வளவு நேரத்தில் வந்தது என்றும் பார். ரேடியோ அலை ஒரு நானோ விநாடியில் சுமார் 30 சென்டிமீட்டர்தான் போகும். யாரும் அதை வேகப்படுத்த முடியாது. பதில் தாமதித்தால் சாவி தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் தொழிலில் இது தினசரி சமாச்சாரம். கையெழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது வேறு, ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பது வேறு. அதனால்தானே பென்ஷன்காரர்கள் வருஷா வருஷம் வாழ்வுச் சான்றிதழ் தர வேண்டியிருக்கிறது?

சரி, காருக்கு வருவோம். 1982-ல் ரெனோ ஃபுவேகோ கார் ரிமோட் பூட்டோடு வந்தது. பட்டனை அழுத்தினால் கதவு திறக்கும். 1990-களில் ஐரோப்பாவில் கார் திருட்டு எக்கச்சக்கமானபோது, சாவிக்குள் சிப் வைத்து, அது சரியான பதில் சொல்லாவிட்டால் என்ஜின் ஓடாது என்ற இம்மொபிலைசர் வந்தது. 1998 அக்டோபரிலிருந்து பிரிட்டனில் புதுக் கார்களுக்கு அது கட்டாயம். பலனும் கிடைத்தது. 1990-களின் தொடக்கத்தில் உச்சத்தில் இருந்த திருட்டு, வருஷக்கணக்கில் இறங்கிக்கொண்டே வந்தது.

அதே 1998-ல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் அறிமுகமாகிறது. அதோடு வந்த வசதி 'கீலெஸ் கோ'. சாவி பாக்கெட்டில் இருந்தாலே போதும். கைப்பிடியைத் தொட்டதும் கார் தாழ்ந்த அலைவரிசையில் "யார் அங்கே?" என்று கேட்கும். அந்த அலை ஒன்றிரண்டு மீட்டர்தான் எட்டும். சாவி கேட்டுப் பதில் சொல்லும். கேள்வி காதில் விழுந்தாலே சாவி பக்கத்தில்தான் இருக்கிறது என்பது பொறியாளர்களின் கணக்கு. கான்வேயின் சின்னப் பெண் நடுவில் நின்றால் கணக்கு தப்பு. அந்தக் கேமரா பதிவில் இருந்த இரண்டு பெட்டிகள்தான் அந்தப் பெண்.

மருந்து வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

2010-ல் சூரிச்சின் ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தில் ஃபிரான்சிலோன், டானெவ், சாப்குன் என்ற மூன்று பேர் 8 நிறுவனங்களின் 10 கார் மாடல்களைச் சோதித்தார்கள். பத்தும் திறந்தன, பத்தும் கிளம்பின. ஆய்வை வெளிப்படையாகவே வெளியிட்டார்கள். தூரத்தை அளப்பதுதான் நிரந்தரத் தீர்வு என்றும் எழுதினார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2014 வாக்கில் கார் திருட்டு மறுபடி ஏற ஆரம்பித்தது. பிரிட்டன் காப்பீட்டு நிறுவனங்களின் ஆய்வு மையமான தாட்சம் ரிசர்ச் 2019-ல் புதிதாக வந்த 11 கார்களை மதிப்பிட்டபோது, அதில் ஆறு 'மோசம்' என்ற தரம்தான் வாங்கின. ஜாகுவார் லேண்ட்ரோவர் போன்ற சிலர் அதற்குள் தூரத்தை அளக்கும் அல்ட்ரா வைட்பேண்ட் சாவிக்கு மாறியிருந்தார்கள். 1993-ல் எழுதிய மருந்துச்சீட்டுக்கு அப்போதுதான் மருந்து வாங்கப் போனார்கள்!

ஏன் இவ்வளவு தாமதம்? என் கணக்கு இதுதான். கார் திருடு போனால் கம்பெனிக்கு நஷ்டம் இல்லை. உரிமையாளர் இன்னொரு கார் வாங்குவார், அவ்வளவுதான். நஷ்டம் காப்பீட்டுக்காரர்களுக்கு, அவர்கள் அதைப் பிரீமியத்தில் எல்லோர் தலையிலும் கட்டுவார்கள். எங்கே நஷ்டம் விழுகிறதோ அங்கேதான் கவனமும் இருக்கும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல். கார் திருட்டுக்கு இழப்பீடு கேட்டால், இரண்டு ஒரிஜினல் சாவியும் கொடுங்கள் என்பது காப்பீட்டு நிறுவனங்களின் வழக்கம். சாவியை வண்டியில் விட்டு வந்தீர்களா என்று பார்க்கும் சோதனை அது. உலோகச் சாவி காலத்துக்குப் பொருத்தம். ரிலே திருட்டில் இரண்டு சாவியும் உங்களிடமே இருக்கும், உடைத்த தடயமும் இருக்காது. பொய் சொல்கிறார் என்று சந்தேகப்பட வசதி. இதற்கு நடுவில் கார் போனாலும் இ.எம்.ஐ. போகாது; கடன் ஒப்பந்தத்துக்குத் திருட்டு ஒரு காரணமே இல்லை.

திருடர்களும் சும்மா இருப்பதில்லை. முகப்பு விளக்கின் பின்னால் உள்ள ஒயர் வழியாகக் காரின் உள் வலையமைப்பில் புகுந்து, சாவியையே கேட்காமல் திறக்கும் முறை 2023-ல் அம்பலமானது. 2025 பிப்ரவரியில் பிரிட்டன் அரசு, இப்படிப்பட்ட கருவிகளை வைத்திருப்பதையே குற்றமாக்கும் மசோதாவை நாடாளுமன்றத்தில் வைத்தது. நல்லதுதான். ஆனால் இதுவும் திருடனைத்தான் தொடுகிறது, பூட்டை விற்றவரை அல்ல.

புஷ் பட்டன் கார் வைத்திருப்பவர்களுக்குச் சில யோசனைகள். சாவியை, மாற்றுச் சாவியையும் சேர்த்து, மூடி இறுகிய தகர டப்பாவில் வையுங்கள். டப்பாவோடு கார் பக்கத்தில் போய்க் கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். திறந்தால் டப்பா சரியில்லை. ஸ்டியரிங் பூட்டு பழைய பாணிதான், ஆனால் அதை எந்தப் பெட்டியாலும் ஏமாற்ற முடியாது. அடுத்த கார் வாங்கும்போது ஷோரூமில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தச் சாவி தூரத்தை அளக்குமா?" பதில் தெரியாமல் விழிப்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள். நாலு பேர் கேட்டால்தான் ஐந்தாவது ஆளுக்குப் பதில் கிடைக்கும்.