அசல் தட்டு விவாதம் (நார்தர்ன் சோல்)

1960-களின் அமெரிக்கக் கறுப்பின சோல் பாடல்களுக்கு வட இங்கிலாந்தினர் விடிய விடிய ஆடி வளர்த்த மரபு நார்தர்ன் சோல். டிஜேக்கள் முதல் பதிப்பு வினைல் தட்டுகளையே, பெரும்பாலும் நிமிடத்துக்கு 45 சுற்று சுழலும் 7 அங்குலத் தட்டுகளையே, ஒலிக்கவிட வேண்டும் என்பது இதில் பலர் காக்கும் எழுதா விதி. இம்மரபின் நடன அரங்கான விகன் கசினோவின் (1973–81) காலத்திலேயே கள்ளப் பதிப்புகள் புழங்கியதால், பழைய தூய்மை பற்றிய பேச்சு பாதி கற்பனைதான். போட்டி டிஜேக்கள் பாடலை அறியாதிருக்க லேபிளை மறைத்துப் பொய்ப்பெயர் சூட்டுவதும் நடந்தது. டிஜிட்டல் பிரதியே போதும் என்னும் தரப்பு அசல் தட்டுகளின் விலையைச் சுட்டுகிறது: ஃபிராங்க் வில்சனின் 1965 தட்டு ஒன்று 2009இல் 25,000 பவுண்டுக்கு மேல் விற்றது. ஆடுபவருக்குப் பாட்டு போதாதா என்று கேட்கிறது. அசல் தரப்புக்கோ தேடியலைந்த உழைப்பே டிஜேயின் தகுதி. சில ஆட்ட இரவுகளின் விளம்பரங்களில் இன்றும் ‘அசல் வினைல் மட்டும்’ என்றே அச்சிடுகிறார்கள்.