கில்ட் இடைவார்

கில்ட் இடைவார் என்பது ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் மரபுடையான கில்ட்டின் மேல் கட்டப்படும் அகலமான தோல் பெல்ட். பொதுவாக 2¼ அங்குலம் (சுமார் 57 மி.மீ.) அகலமும் வேலைப்பாடுள்ள பெரிய உலோகப் பக்கிளும் கொண்டது. இன்றைய கில்ட்டை இடுப்பில் நிறுத்துவது அதன் பக்கவாட்டில் தைத்துள்ள சிறு தோல் வார்களே. பெல்ட் உடைக்கு ஒழுங்கும் நிறைவும் தருகிறது.

வரலாறு

16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அறியப்பட்ட பெரிய கில்ட், தைக்கப்படாத நீண்ட கம்பளித் துணி. அதைக் கொசுவி உடலில் சுற்றி, இடுப்பில் வாரால் இறுக்கி, மேற்பகுதியைத் தோளில் போட்டுக்கொண்டனர். வாரை அவிழ்த்தால் உடையே போர்வையாகிவிடும். 18ஆம் நூற்றாண்டில் இடுப்புக்குக் கீழே மட்டும் அணியும் சிறிய கில்ட் பரவியது. 1746இல் இயற்றிய சட்டம் ஹைலேண்ட் உடையைத் தடைசெய்தது. 1782இல் தடை நீங்கியது. பின்னாளில் கொசுவங்களைத் தைத்து, பக்க வார்களும் வைத்தபோது பெல்ட்டின் பிடிமான வேலை குறைந்தது.

அணியும் முறை

கில்ட்டின் மேல்விளிம்பு தொப்புள் மட்டத்திலோ சற்று மேலோ, கீழ்விளிம்பு முழங்கால் நடுவிலும் அமைய வேண்டும். கொசுவங்கள் பின்னால் இருக்கும். பக்க வார்களை மாட்டி, கில்ட் தானாக நிற்பதை உறுதிசெய்த பிறகே பெல்ட்டைக் கட்ட வேண்டும். பின்புறத் துணி வளையங்கள் இருந்தால் அவற்றில் நுழைத்து, பக்கிளை முன்பக்க நடுவில் நிறுத்துவர். மிக இறுக்கினால் கொசுவங்கள் நசுங்கும். தளர்ந்தால் பெல்ட் கீழே சரியும். பல அடுக்குத் துணியின் மேல் வருவதால், கில்ட்டை அணிந்தபடியே அளவெடுப்பது அவசியம்; கால்சட்டை அளவு பொருந்தாது. நீளத்தைச் சரிசெய்ய பல பெல்ட்டுகளின் உட்புறம் வெல்க்ரோ உண்டு.

ஸ்போரன் எனும் முன்தொங்கு பை வழக்கமாகத் தனிச் சங்கிலியிலோ வாரிலோ, பக்கிளுக்குச் சுமார் ஒரு கையகலம் கீழே தொங்கும்.

தவிர்க்கும் இடம்

பிரின்ஸ் சார்லி எனும் குட்டையான விழாக் கோட்டுடன் அணியும் வெயிஸ்ட்கோட் (கையில்லா உள்கோட்) கில்ட்டின் இடுப்பை மறைத்துவிடும். அடியில் பக்கிள் இருந்தால் துணி புடைத்து மேலேறும். எனவே மரபுப்படி அப்போது பெல்ட் கட்டுவதில்லை. வெயிஸ்ட்கோட் இல்லாதபோது சட்டையும் கில்ட்டும் சேருமிடத்தைப் பெல்ட் நேர்த்தியாக மூடுகிறது. முழு ஹைலேண்ட் உடையில் டர்க் எனும் நீள்கத்தியை வலது இடுப்பில் தாங்குவதும் இந்த இடைவாரே.