ரங்கூனிலிருந்து நடந்து வந்த தமையன்கள்

'பராசக்தி' பற்றி நம்மவர்கள் எழுதும்போதெல்லாம் நீதிமன்றக் காட்சியில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். கட்சி, கருணாநிதியின் வசனம், சிவாஜி கணேசனின் குரல் என்ற மூன்று விடயங்களுக்குள் அந்தப் படம் அடங்கிவிட்டது. இலங்கையில் எனது தலைமுறையினர் அதைப் பார்த்ததைவிடக் கேட்டதே அதிகம். வசனத்தை மனனம் செய்த எங்களுக்கு, அந்தக் குடும்பம் எந்த ஊரில் வாழ்ந்தது என்பது மறந்துபோயிற்று. அது ரங்கூன், இன்றைய யாங்கோன்.

ரங்கூனைக் கதாசிரியர் போகிற போக்கில் தெரிவு செய்யவில்லை. 1931ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் அந்நகரின் 4 லட்சம் பேரில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். துறைமுகக் கூலிகளும், குமாஸ்தாக்களும், வட்டிக்கடைக்காரரும் அதில் அடக்கம். தமிழ் நாடகக் கம்பனிகளுக்கு அது ஒரு சந்தை. எம்.ஜி.ஆரும்கூட இளவயதில் நாடகக் குழு ஒன்றுடன் அங்கு போய் வந்தவர்தான். 1941 டிசம்பர் 23இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. தரைவழியே இந்தியாவை நோக்கி நடந்தோர் சுமார் 4 லட்சம் என்பது பொதுவான மதிப்பீடு. வழியில் கொலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் செத்தவர் தொகையைப் பல்லாயிரம் என்று மட்டும் சொல்லலாம். எவரும் எண்ணி வைக்கவில்லை.

1952 தீபாவளிக்கு வெளிவந்த படம் இந்தப் பெயர்வை எப்படிப் பங்கிட்டுக் கொடுக்கிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. தங்கை கல்யாணியின் திருமணத்துக்கு மதுரை போகவேண்டும். யுத்த காலமாதலால் ஒரேயொரு கப்பல் டிக்கெட் கிடைக்கிறது. அது கடைசித் தம்பி குணசேகரனுக்கு, அதாவது கதாநாயகனுக்கு. மூத்தவர்கள் சந்திரசேகரனும் ஞானசேகரனும் பின்னர் குண்டுவீச்சுக்கு நடுவே நடக்கிறார்கள். கப்பல் நட்சத்திரத்துக்கு, கால்நடை குணச்சித்திர நடிகர்களுக்கு! வேண்டுமென்று செய்தார்களோ இல்லையோ, அகதிகளின் பயணத்தில் உள்ள வர்க்கப் பிரிவினை அப்படியே திரைக்கதைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. டிக்கெட் கிடைத்தவன் பேசுகிறான். நடந்தவர்களின் நடையோ படத்தில் சில கணங்கள்தான்.

நடந்த இருவரில் மூத்தவர் எஸ்.வி.சகஸ்ரநாமம். இவர் தப்பி வந்து திருச்சியில் நீதிபதியாகிறார். பிச்சைக்கு வந்த சொந்தத் தங்கையையே அடையாளம் தெரியாமல் அடித்து விரட்டுகிறவர். ஒரு அகதி மறுபடி நாற்காலியில் அமர்ந்ததும் என்ன ஆகிறான் என்பதற்கு இதைவிட நல்ல சித்திரம் தமிழ் சினிமாவில் நானறிய இல்லை. (எங்கள் மத்தியிலும் இத்தகைய நீதிபதிகள் இருக்கிறார்கள், பெயர் சொல்லவேண்டியதில்லை.) மற்றவர் எஸ்.எஸ்.ராஜேந்திரன். வழியில் காலை இழந்து, பிச்சைக்காரனாகி, பிச்சைக்காரர்களுக்கென்று ஒரு சங்கம் அமைக்கிறார். நீதிமன்ற வசனத்தை ஒப்பிக்கத் தெரிந்தவர்களிடம் இந்தச் சங்கத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், விழிப்பார்கள்.

இந்த இரு நடிகர்களின் வாழ்க்கை பிறகு போன திசைகள் வேறு வேறு. இருவரும் சிறுவயதில் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் பயின்றவர்கள். சகஸ்ரநாமம் 1935இல் 'மேனகா'விலேயே திரைக்கு வந்துவிட்டார். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் என்.எஸ்.கிருஷ்ணன் 1944 கடைசி முதல் 1947 வரை சிறையிலிருந்தபோது, அவரது நாடக சபையைக் கலைந்துவிடாமல் நடத்தியவரும் இவரே. 'பராசக்தி' வெளியான அதே 1952இல் 'சேவா ஸ்டேஜ்' நாடகக் குழுவை ஆரம்பித்தார். சினிமாவில் அப்பாவாகவும் அண்ணனாகவும் சம்பாதித்த மனிதர், மேடைக்கு பி.எஸ்.ராமையாவையும் தி.ஜானகிராமனையும் எழுத வைத்தார். ராமையாவின் 'போலீஸ்காரன் மகள்', ஜானகிராமனின் 'நாலு வேலி நிலம்', பாரதியின் 'பாஞ்சாலி சபதம்' எல்லாம் அந்த மேடையில் ஏறின. நவீன இலக்கியக்காரர்களை நாடகத்துக்குக் கொண்டுவந்த இந்தக் காரியத்தை நமது சிறுபத்திரிகை வரலாறுகள் போதியளவு கணக்கில் எடுக்கவில்லை என்பது எனது அபிப்பிராயம். அவரை 'சினிமாக்காரர்' என்று ஒதுக்குவது சுலபமாக இருந்தது. 1988இல் காலமானார்.

ராஜேந்திரனோ சிவாஜி பிறந்த அதே 1928இல் பிறந்தவர். சில மாத மூப்புக்காகத்தான் அண்ணன் வேடம் கிடைத்தது போலும்! 1956இல், அண்ணாதுரையின் கதையான 'ரங்கூன் ராதா'விலும் நடித்தார். புராணப் படங்களில் நடிக்க மறுத்ததால் 'இலட்சிய நடிகர்' என்ற பட்டம் வந்தது. அதனால் பட வாய்ப்புகள் குறைந்திருக்கும் என்பதில் சந்தேகமில்லை. 1962இல் தேனியில் தி.மு.க. வேட்பாளராக வென்றார். தேர்தலில் நின்று சட்டசபைக்குப் போன முதல் நடிகர் என்று இவரையே குறிப்பிடுகிறார்கள். பிறகு மாநிலங்களவை, பிறகு 1980இல் அ.தி.மு.க.வில் ஆண்டிபட்டி. 2014இல் காலமானார். திரையில் பிச்சைக்காரர் சங்கம் கட்டியவர் நிஜத்தில் கட்சிகளுக்குள் நடந்த தூரமும் சின்னதல்ல.

பூசாரியாக வந்து அச்சமூட்டிய கே.பி.காமாட்சி, இதே படத்துக்குப் பாட்டும் எழுதினார். அந்நாளில் ஒருவரே பல வேலை செய்வது அதிசயமாகக் கருதப்படவில்லை.

ஆனால் ரங்கூன் தமிழரின் கதை 1952இல் முடியவில்லை. 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகள் தேசியமயமாயின, 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவையாக்கப்பட்டன. ஒன்றரை லட்சம் பேரளவில் இந்தியாவுக்குத் திரும்பினர். சென்னையில் பர்மா பஜார் உண்டானது. இவர்களுக்கென்று ஒரு 'பராசக்தி' வரவில்லை. இந்தியாவில் வேரூன்ற முடியாத சிலர், பர்மாவுக்குத் திரும்ப முயன்றார்கள். எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரேயில் தங்கி, அங்காள பரமேஸ்வரிக்குக் கோயிலும் கட்டினார்கள். மோரேக்கு எதிர்ப்புறம் இருப்பது தமு. 1942இல் நடந்தவர்கள் எல்லையைக் கடந்த இடங்களில் அதுவும் ஒன்று.