குருதி புகாத கோட்டை: சிறுவர் மூளைத்தண்டுக் கட்டிக்கு நேரடியாக மருந்தூட்டிய வரலாறு

ஜேர்மன் மருத்துவ அறிஞர் போல் ஏர்லிக் 1885 ஆம் ஆண்டளவிலே விலங்குகளின் குருதியிற் சாயங்களைச் செலுத்தி ஆராய்ந்தபோது ஒரு புதுமையைக் கண்டார். ஈரல், சிறுநீரகம், தசை முதலிய உறுப்புக்கள் நிறமேறின. மூளை மாத்திரம் நிறமேறாது நின்றது. மூளையிழையத்துக்கு அச்சாயங்களிலே நாட்டமில்லை என அவர் கொண்டார். அம்முடிபு தவறானது. அவருடைய மாணவரான எட்வின் கோல்ட்மன் 1913 இல் அதே வகைச் சாயமொன்றை மூளையைச் சூழ்ந்துள்ள பாய்பொருளிற் செலுத்தினார். இம்முறை மூளை நன்கு நிறமேறியது. உடலின் பிற பாகங்கள் நிறமேறவில்லை. ஆகவே நாட்டமின்மை காரணமன்று. குருதிக்கும் மூளைக்கும் இடையே ஏதோவொரு தடுப்பு உண்டு என்பது தெளிவாயிற்று. மாணவர் செய்த பரிசோதனையே ஆசிரியரின் விளக்கத்தைத் தகர்த்தது என்பது நம் போன்ற பல்கலைக்கழகத்தார் மகிழ்ச்சியோடு நினைவிற் கொள்ளத்தக்க செய்தியாகும்.

இத்தடுப்பின் வரலாறு சாய ஆராய்ச்சியோடு நின்றுவிடவில்லை. நூற்றாண்டொன்றின் பின்னர், புற்றுநோய் மருந்துகள் பல கைக்கெட்டிய காலத்திலும், ஒரு வகைக் குழந்தை நோயாளர் அவற்றாற் பயனெதுவும் பெறாமைக்கு இதுவே முதன்மையான காரணங்களுள் ஒன்றாயிற்று. அக்குழந்தைகளுக்காக இக்கோட்டையைச் சுற்றிச் செல்ல மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளையே இக்கட்டுரை நோக்குகின்றது.

தடுப்புக்கு இன்று வழங்கும் பெயரை நிலைபெறச் செய்தவர்களுள் முதன்மையானவர் லீனா ஸ்ரேர்ண் என்னும் பெண்மணியாவார். ஜெனீவாப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் நிலை எய்திய முதற் பெண்ணும் இவரே. 1921 இல் அவர் இதனைக் குருதி மூளைத் தடுப்பு எனப் பிரெஞ்சு மொழியிற் பெயரிட்டு விளக்கினார். 1925 இல் மொஸ்கோ சென்ற அவர், 1939 இல் சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் முழு உறுப்பினரான முதற் பெண்ணாயினார். அவருடைய சிந்தனையின் சிறப்பு, தடுப்பு உண்டெனக் கூறியதோடு அமையாமல் அதனைத் தாண்டி மருந்தூட்ட வேண்டும் என வற்புறுத்தியமையிலேயே உள்ளது. இரண்டாம் உலகப் போரின் பின்னர், மூளைச்சவ்விற் கசரோகம் பற்றிய நோயாளருக்கு ஸ்ரெப்ரோமைசின் மருந்தைப் பிடரியின் கீழாக மூளைப் பாய்பொருளினுள்ளே நேரடியாக ஏற்றும் முறையைக் கையாண்டார். 1949 இல் யூத பாசிச எதிர்ப்புக் குழுவினரோடு அவரும் கைது செய்யப்பட்டார். 1952 இல் நிகழ்ந்த வழக்கின் முடிவிலே தீர்ப்பளிக்கப்பட்டோருள் மரணதண்டனைக்குத் தப்பியவர் அவர் ஒருவரே. ஸ்டாலின் மறைந்த 1953 ஆம் ஆண்டிலே நாடு கடத்தலினின்றும் மீண்டு, 1968 வரை வாழ்ந்தார். அவர் மறைவதற்கு ஓராண்டின் முன்னர், 1967 இல், ரீஸ், கார்னோவ்ஸ்கி ஆகிய இருவர் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் வாயிலாகத் தடுப்பின் இருப்பிடத்தைக் காட்டினர். மூளையின் மயிர்த்துளைக் குழாய்களை அமைக்கும் கலங்கள் ஒன்றோடொன்று இடைவெளியின்றி இறுகப் பொருந்தியிருத்தலே அது.

ஸ்ரேர்ணின் ஊசிவழியைச் செம்மையான கருவியாக்கியவர் நம் துணைக்கண்டத்தவர் ஒருவர். பஞ்சாபிலே 1930 இற் பிறந்து, லாகூரில் மருத்துவம் பயின்று, ஒக்ஸ்போட்டிற் பட்டம்பெற்று, அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்களிற் பணியாற்றிய அயூப் ஒம்மாயா என்பாரே அவர். தலைத்தோலின் கீழே வைக்கப்படும் சிறு சிலிக்கோன் குமிழொன்றையும், அதிலிருந்து மூளையின் அறைக்குட் செல்லும் குழாயொன்றையும் 1963 இல் அவர் வெளியிட்டார். ஊசியாற் குமிழைத் துளைத்து, வேண்டும்போதெல்லாம் மருந்தை ஏற்றலாம். முதலிற் பங்கசினால் உண்டாகும் மூளைச்சவ்வு அழற்சிக்கென அமைந்த இக்கருவி, விரைவிலே புற்றுநோய்க்கும் பயன்பட்டது. ஒம்மாயா இனிய குரலிற் பாடும் சத்திரசிகிச்சையாளராகவும் அறியப்பட்டவர் என்பது ஈண்டு வேண்டாத செய்தியாயினும் விடுத்தற்கு மனம் வரவில்லை.

இதே காலத்திற் குருதிப் புற்றுநோயுற்ற சிறுவரின் முண்ணாண் பாய்பொருளில் மெதொட்ரெக்சேற் என்னும் மருந்து ஏற்றப்பட்டது. குருதியிலே நோய் நீங்கிய பின்னரும் மூளைச்சவ்விலே பதுங்கியிருந்த கலங்கள் மீண்டும் தலையெடுத்தலை இம்முறையும் கதிர்வீச்சும் சேர்ந்து பெரிதும் தடுத்தன. சிறுவர் புற்றுநோய் மருத்துவம் ஈட்டிய முதற் பெருவெற்றியில் இதற்கு உரிய பங்கு உண்டு.

ஆயினும் பாய்பொருளில் இடும் மருந்து மூளையின் மேற்பரப்பையே நனைக்கும். அங்கிருந்து ஆழத்துக்குச் செல்லப் பரவல் என்னும் பௌதிக நிகழ்வையே அது நம்பியிருத்தல் வேண்டும். சில மில்லிமீற்றர் தூரத்திலேயே அதன் செறிவு மிகக் குன்றிவிடும். 1996 இல் ஐக்கிய அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற, கட்டியை அகற்றிய குழியிலே பதிக்கப்படும் மருந்து வில்லைகளுக்கும் இக்குறை உண்டு. மேலும், அவற்றைப் பதிப்பதற்கு முதலிற் கட்டியை அகற்றக்கூடியதாயிருத்தல் வேண்டும். நாம் நோக்கும் கட்டியோ அகற்ற இயலாதது.

மூளைத்தண்டின் நடுப்பகுதியான வரோலியின் பாலத்திலே தோன்றும் இக்கட்டி பெரும்பாலும் ஐந்து முதற் பத்து வயது வரையிலான குழந்தைகளையே பற்றும். கண் ஒருபுறம் சாய்தல், முகம் கோணுதல், நடை தள்ளாடுதல் என்பன அதன் முதற் குறிகள். விழுங்குதலையும் முகத்தசைகளையும் கண்ணசைவையும் ஆளும் நரம்புகள் நெருங்கியுள்ள அச்சிற்றிடத்திலே கட்டி தனித்த உருண்டையாக நில்லாது நார்களிடையே ஊடுருவி வளர்கின்றது. அறுத்தெடுத்தால் உயிர் நில்லாது. கதிர்வீச்சினாற் சில மாதங்கள் தெளிவு தோன்றும். பின்னர் நோய் மீளும். நோய் கண்டது முதல் நோயாளருட் பாதிப்பேர் ஓராண்டை எட்டுவதில்லை. சந்திரனில் 1969 இல் முதன்முதற் கால்பதித்த நீல் ஆம்ஸ்ரோங்கின் பெண்குழந்தை இந்நோயினாலேயே 1962 சனவரியில், மூன்று வயது நிரம்புமுன், இறந்தது. அக்குழந்தைக்கு அளிக்கப்பட்ட கதிர்வீச்சுச் சிகிச்சைக்கும் இன்றைய அடிப்படைச் சிகிச்சைக்கும் நுட்பத்தில் வேற்றுமை பெரிது. முடிவில் வேற்றுமை சிறிது.

இங்கே ஒரு வரலாற்றுத் திருப்பத்தைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். காந்தப் பரிவுப் படமுறை வந்த பின்னர், படமே நோயைத் தெளிவாகக் காட்டுவதால் இழையத்தைக் கிள்ளியெடுத்துச் சோதித்தல் வேண்டியதில்லை என 1993 இல் அமெரிக்காவிலிருந்து ஓர் அறிக்கை வெளிவந்தது. சிகிச்சையை மாற்றாத ஒரு சோதனைக்காகக் குழந்தையை ஆபத்துக்குள்ளாக்குதல் முறையன்று என்னும் அந்நியாயம் கருணையின்பாற்பட்டதே. ஆனால் அதன் விளைவு யாது? ஆய்வுகூடங்களுக்கு இழையம் கிட்டவில்லை. கட்டியின் இயல்பு அறியப்படாமலே, வளர்ந்தோரின் கட்டிகளுக்கென ஆக்கப்பட்ட மருந்துகள் குழந்தைகளிலே ஒன்றன்பின் ஒன்றாகச் சோதிக்கப்பட்டன. ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. பரிவினால் எடுக்கப்பட்ட முடிவு ஏறக்குறைய இருபது ஆண்டு அறியாமையையும் கூடவே கொணர்ந்தது என்பது எம் கருத்து. பரிஸ் நகரின் நெக்கர் மருத்துவமனையினர் இவ்வழக்கத்துக்கு மாறாக, 24 குழந்தைகளில் ஊசிவழி இழையம் எடுத்த அனுபவத்தை 2007 இல் வெளியிட்டனர்; உயிரிழப்பு நேரவில்லை. மறுபுறம், தம் பிள்ளைகள் இறந்தபின் கட்டியை ஆய்வுக்குக் கொடுத்த பெற்றோர் பலர். இவ்வாறு சேர்ந்த இழையங்களிலிருந்தே 2012 இற் பெரும் உண்மை வெளிப்பட்டது. இக்கட்டிகளுள் ஐந்திலே நான்கு பங்களவில், டி.என்.ஏ சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்ரோன் புரதத்தின் 27 ஆம் இடத்திலுள்ள லைசீன் மெதியோனீனாக மாறியிருந்தது. வளர்ந்தோரின் பெருமூளைக் கட்டிகளிற் காண்பதற்கரிய இவ்விகாரம், இது வேறொரு நோயே என நிறுவியது.

மருந்து யாதாயினும் அது கட்டியை அடைய வேண்டுமே! இதற்கான புதுவழி 1994 இல், ஒம்மாயா பணிபுரிந்த அதே அமெரிக்க நிறுவகங்களில், எட்வேட் ஓல்ட்பீல்ட் முதலானோரின் ஆய்விற் பிறந்தது. நுண்ணிய குழாயொன்றை மூளையிழையத்தினுள்ளேயே செருகி, நிமிடத்துக்குச் சில மைக்ரோலீற்றர் என்னும் அளவில், மெல்லிய அமுக்கத்துடன் மணிக்கணக்காகப் பாய்ச்சினர். வயலிலே மடை திறந்தாற்போலக் கலங்களுக்கிடையிலுள்ள நீர்மத்தோடு மருந்தும் ஓடிப் பரந்தது. பரவலிலே செறிவு தூரத்தோடு விரைவாகக் குன்றும். ஓட்டத்திலோ பெரிய மூலக்கூறுகளும் ஏறக்குறையச் சமசெறிவோடு சென்றடையும். பூனைகளின் மூளையிலே இது முதலிற் காட்டப்பட்டது.

இம்முறைக்கு முதற்பெரும் அடி வளர்ந்தோரிடையே விழுந்தது. 296 நோயாளரிலே, நச்சுப் புரதமொன்றைக் குழாய்வழி பாய்ச்சியோரையும் முன்னர்க் கூறிய வில்லை பதித்தோரையும் ஒப்பிட்ட பரிசோதனையின் பேறு 2010 இல் வெளிவந்தது: ஆயுளில் வேறுபாடில்லை. குழாய்கள் பல விதிப்படி வைக்கப்படவில்லை என்பதும், மருந்து உண்மையில் எங்கே சென்றது என்பதை எவரும் கண்ணாரக் காணவில்லை என்பதும் பின்னரே உணரப்பட்டன. குழாயின் புறமாக மருந்து பின்வழிந்து வெளியேறுதலும் ஒரு பெருங்குறை. படிபோல் ஒடுங்கும் குழாய்நுனிகளும், பாயும்போதே படத்திற் காணும் முறைகளும் இத்தோல்வியின் படிப்பினைகளே.

குழந்தைகளின் மூளைத்தண்டிலே இவ்வழியைத் துணிந்து கையாண்டவர்களுள் நியூயோர்க்கின் மார்க் சூவிடேன் ஒருவர். கதிர்த்தொழிற்பாட்டு அயடீன் 124 பிணைத்த பிறபொருளெதிரியை, கதிர்வீச்சுச் சிகிச்சை முடித்த 28 சிறுவரிலே 2012 முதல் 2016 வரை பாய்ச்சி, முடிவுகளை 2018 இல் வெளியிட்டார் அவர். அயடீன் தானே ஒளிகாட்டுமாதலால் மருந்தின் இருப்பிடத்தையும் அளவையும் படமாகக் காண முடிந்தது. கட்டியிற் படிந்த கதிரளவு உடல் முழுவதும் பெற்றதனிலும் பன்னூறு மடங்கு மிக்கிருந்தது. இது பாதுகாப்பை அறிதற்கான பரிசோதனையேயன்றி ஆயுள் நீளுமென நிறுவுதற்கு வகுக்கப்பட்டதன்று. செய்தித்தாள்கள் இவ்வேறுபாட்டை எப்போதும் பேணுவதில்லை. நோயுற்ற பிள்ளையின் பெற்றோர் அதனைப் பேணுவர் என எதிர்பார்த்தலும் கொடுமையே. இங்கிலாந்தின் பிறிஸ்ரலில் ஸ்ரீவன் கில் குழுவினர் இயந்திரக் கையின் துணையால் நுண்குழாய்களை இட்டு, காதின் பின்னே எலும்பிற் பொருத்திய வாயிலூடாக மீண்டும் மீண்டும் மருந்தேற்றும் வழியை அமைத்தனர். ஒரு முறை பாய்ச்சிய மருந்து விரைவிற் கழுவப்பட்டுவிடும் ஆதலின், இது இன்றியமையாத படியாகும்.

வேறு வழிகளும் திறந்துள்ளன. ஹைனினன் குழுவினர் 2001 இல் முயல்களிற் காட்டியவாறு, நுண்குமிழிகளைக் குருதியில் விட்டு மிகையொலி அலைகளைக் குவித்துத் தடுப்பைச் சில மணிநேரம் தளர்த்துதல் ஒன்று. முன்கூறிய விகாரமுள்ள கட்டிகள் சிகிச்சையின் பின்னும் வளர்ந்தோர்க்கு, தடுப்பைத் தானே கடக்கும் டோடாவிப்ரோன் என்னும் வாய்வழி மருந்துக்கு 2025 ஓகஸ்டில் அமெரிக்கா நிபந்தனையோடு கூடிய விரைவு அங்கீகாரம் அளித்தது. ஸ்டான்போட் பல்கலைக்கழகத்தினர் நோயாளரின் சொந்த நிர்ப்பீடனக் கலங்களை மாற்றியமைத்துக் கட்டிக்கெதிராக ஏவினர். 2024 இல் வெளிவந்த அவர்களின் அறிக்கையின்படி, சிகிச்சை பெற்ற பதினொருவருட் சிலரிலே கட்டி பெரிதும் சுருங்கியது. ஒருவரிற் படத்திலே தென்படாதவாறு மறைந்தது. முதல் ஊட்டம் குருதிவழி. அதன் பயன் கண்டோர்க்குப் பின்வந்த ஊட்டங்கள் மூளையின் அறைக்குள்ளே செலுத்தப்பட்டன. அதற்கு அவர்கள் பயன்படுத்தியது, தலைத்தோலின் கீழே பதித்த ஒம்மாயாவின் குமிழையே.